மாதம் ரெண்டு நாள் ராணுவம்: போக்குவரத்துப் பிரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வில் போக்குவரத்து ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன், பகுதி நேரமாக. வார நாட்களில் எல்லோரையும் போல கணினி முன் உட்காரும் பிழைப்புதான். நம் ஆட்கள் கூடும் பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தட்டோடு ஓரமாக வந்து நின்று இதைப் பற்றிக் கேட்பார், கேள்வியும் பெரும்பாலும் பழைய கேள்வியாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிட்டால் அடுத்த விருந்தில் இட்லி ஆறுவதற்குள் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தேன்.

“பார்ட் டைம் ராணுவமா? அப்படி ஒண்ணு இருக்கா என்ன?”

இருக்கிறது. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம். மற்ற நாட்களில் உங்கள் வேலை, உங்கள் வீடு. சீருடை, சட்டதிட்டம், பதவி வரிசை எல்லாம் முழுநேர ராணுவத்தில் உள்ளதேதான். அந்த வாரக்கடைசியைப் பொதுவாக ட்ரில் என்பார்கள், ரிசர்வில் அதற்கு வைத்த பெயர் பேட்டில் அசெம்பிளி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், முதல் முறை போனபோது நான் நடத்திய போர் முழுக்க ஒரு கிடங்கில் பெட்டி எண்ணியதுதான்.

“ரிசர்வ், நேஷனல் கார்டு ரெண்டும் ஒண்ணுதானே?”

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். ரிசர்வ் முழுக்க மத்திய அரசின் கையில். நேஷனல் கார்டு சாதாரண காலத்தில் மாநில ஆளுநரின் கையில், தேவைப்பட்டால் மத்திய அரசு எடுத்துக்கொள்ளும். புயல், வெள்ளம் என்றால் முதலில் கூப்பிடுவது கார்டைத்தான். 2005-ல் கத்ரீனா புயலுக்கு 50,000 பேருக்கு மேல் போனார்கள்.

ரிசர்வில் சுமப்பது, சரிசெய்வது, மருத்துவம் பார்ப்பது போன்ற பின்னணி வேலைகள்தான் அதிகம், அதனால் போக்குவரத்து யூனிட்கள் அங்கே நிறைய. ஆனால் என்னைக் கேட்டால் ரிசர்வா கார்டா என்பதைவிட யூனிட் வீட்டிலிருந்து எத்தனை மைல் என்று பாருங்கள். மாதா மாதம் சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் போவது முதல் வருடம் சாகசமாக இருக்கும், மூன்றாம் வருடம் இருக்காது.

“டிரான்ஸ்போர்ட்டேஷன்னா லாரி ஓட்டணுமா?”

ஓட்டுபவரும் உண்டு. ராணுவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கிறது, போக்குவரத்துக்கு 88. ஓட்டுநர் 88-மைக், சரக்கு ஏற்றி இறக்குபவர் 88-ஹோட்டல், நான் 88-நவம்பர். மைக், ஹோட்டல், நவம்பர் எல்லாம் வானொலியில் எழுத்துகளைக் குழப்பமில்லாமல் சொல்ல வைத்த பெயர்கள்.

கல்யாண வீட்டில் சமைக்க ஒருவர், பரிமாற ஒருவர் இருக்க, எத்தனை பந்தி, எப்போது இலை போடணும், பெண் வீட்டார் வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கையில் நோட்டோடு ஒரு மாமா அலைவாரே, அவர்தான் 88-நவம்பர். எந்த வண்டி, எந்தக் கன்டெய்னர், சாலை வழியா, ரயிலா, கப்பலா, விமானமா, யாரிடம் அனுமதி, எந்தத் தேதிக்குப் போய்ச் சேரணும் என்பதெல்லாம் அவர் தலையில். லாரி ஓட்டும் ஆசை இருந்தால் மைக்கைக் கேளுங்கள், அதில் அனுபவம் சேர்ந்தால் வெளியே கனரக உரிமம் எடுக்கும்போது ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு வாங்கலாம்.

“நான் எச்-1பி-ல இருக்கேன், சேர முடியுமா? கிரீன் கார்டு போதுமா?”

எச்-1பி, மாணவர் விசா இரண்டுக்கும் வழி இல்லை. கிரீன் கார்டு போதும், சிப்பாயாகச் சேரலாம். அதிகாரியாக வேண்டுமானால் குடியுரிமை வேண்டும். முன்பு மேவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது, குறிப்பிட்ட மொழி தெரிந்தவர்களை விசாவில் இருக்கும்போதே எடுத்துக்கொண்டார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் நிறுத்திவிட்டார்கள். இன்னமும் “என் நண்பனோட நண்பன் அப்படித்தான் சேர்ந்தான்” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள், அந்த நண்பர் 2016-க்கு முன்னால் சேர்ந்தவராக இருப்பார்.

கிரீன் கார்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, அதாவது கிளியரன்ஸ், குடிமக்களுக்குத்தான் கிடைக்கும். அது தேவைப்படும் பணியிடத்தில் உங்களை வைக்க முடியாது. நீங்கள் பார்த்திருக்கும் இடத்துக்கு கிளியரன்ஸ் வேண்டுமா என்று ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

“ட்ரெய்னிங் எத்தனை நாள்? வேலையை விட்டுட்டா போகணும்?”

விட வேண்டாம், விடுப்பு எடுத்தால் போதும். அடிப்படைப் பயிற்சி 10 வாரம். தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன், மிசூரியின் ஃபோர்ட் லியனர்ட் உட் மாதிரி ஏதாவது ஓரிடத்தில் நடக்கும். அப்புறம் வேலைக்கான பயிற்சி, 88-நவம்பருக்கு வர்ஜீனியாவின் ஃபோர்ட் லீயில் ஏழெட்டு வாரம். (2023-ல் இந்த முகாமின் பெயரை ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் என்று மாற்றி, 2025-ல் மறுபடி லீ ஆக்கினார்கள். பழைய காகிதங்களில் வேறு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.) காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கோடையில் முதல் பாதி, அடுத்த கோடையில் மறு பாதி என்று பிரித்துச் செய்யும் வழியும் உண்டு.

“ஒரு ட்ரில் வாரக்கடைசியில காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படி என்னதான் செய்வீங்க?”

காலை வருகைக் கணக்கு. அப்புறம் அறிவிப்புகள், அப்புறம் யாரோ ஒருவர் சாவியோடு வருவதற்காகக் காத்திருத்தல். கணினியில் கட்டாயப் பாடங்கள், தடுப்பூசி, பல் பரிசோதனை, வண்டிகளைச் சுற்றிவந்து எண்ணெய், டயர் பார்த்துப் பதிவு செய்வது. ஓடு, ஓடிப்போய் நில் என்று எங்களுக்குள் கேலி செய்வோம், அது பாதி உண்மை. சில மாதங்களில் இரண்டு நாளும் போய்விடும், என் உண்மையான வேலையை ஒரு மணி நேரம்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

வேலை வரும் மாதங்களில் கதை வேறு. யூனிட்டில் உள்ள ஒவ்வொரு வண்டி, டிரெய்லர், கன்டெய்னரின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் டிசி-எய்ம்ஸ் என்ற மென்பொருளில் சரியாக இருக்க வேண்டும். பழசாகிப்போன அந்த மென்பொருளோடு நான் போட்ட சண்டை, ஒரு எதிரியோடும் போட்டதில்லை. அதிலிருந்துதான் நகர்த்தல் பட்டியல், பெட்டியில் ஒட்டும் சீட்டு, ஒவ்வொரு சரக்குக்கும் 17 எழுத்து அடையாள எண் எல்லாம் வரும். 17-ல் ஒன்று தப்பினாலும் அந்தப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

“அப்போ வருஷத்துல வர்ற ரெண்டு வாரம்தான் நிஜ வேலையா?”

ஆமாம், அதுவும் அந்த இரண்டு வாரத்துக்கு முந்தின நாலைந்து மாதமும். யூனிட் மொத்தமாக வேறொரு மாநிலத்துப் பயிற்சிக் களத்துக்குப் போகும்போது, உதாரணத்துக்கு கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் அல்லது லூயிசியானாவின் ஃபோர்ட் போல்க், வண்டிகள் தாமாகப் போய்ச் சேராது. ஆறு வண்டி சேர்ந்து போனாலே கான்வாய் கணக்கு. டிடி 1265 என்ற படிவத்தில் வழி, நேரம், வண்டி எண்ணிக்கை, எங்கெங்கே நிற்பது எல்லாம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். அளவுக்கு மீறிய அகலமோ எடையோ இருந்தால் அதற்குத் தனிப் படிவம். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 15 நிமிட நிறுத்தம், அப்புறம் இரண்டு மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் என்று கணக்குப் போட்டுத்தான் நேர அட்டவணை வரும். காகிதத்தில் போட்ட அந்த 10 நிமிடம், நாற்பது பேர் ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும்போது என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பார்த்தால் போதும்.

விமானத்தில் போகும் சரக்கு என்றால் 463எல் பாலெட், அதாவது சரக்கு அடுக்கும் தட்டு. 88 அங்குல அகலம், 108 அங்குல நீளம், அதிகபட்சம் 10,000 பவுண்டு. அதன் மேல் அடுக்கி வலை போட்டு இறுக்குவது கை வேலை, அலுவலக வேலை என்று நம்பி வந்தவர்களுக்கு அன்று முதுகு சொல்லும்.

“நீங்க எடை எடைன்னே பேசறீங்களே, ஒரு தராசுல நிறுத்தா முடிஞ்சுதே?”

நிறுத்தால் முடிந்திருக்கும், நிறுக்காமல் போன வருடத் தாளைப் பார்த்து எழுதுவதில்தான் எல்லாக் கோளாறும். நான் புதிதாக இருந்தபோது ஒரு டிரெய்லருக்கு அப்படித்தான் எழுதினேன். இடையில் யாரோ அதில் உதிரி டயர்களையும் ஒரு ஜெனரேட்டரையும் ஏற்றியிருக்கிறார்கள். ரயிலில் ஏற்றும் இடத்தில் நிறுத்துப் பார்த்தபோது தாளும் தராசும் ஒத்துப்போகவில்லை, அந்த டிரெய்லரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள், பின்னால் இருந்த வரிசை முழுக்க வெயிலில் நின்றது. யாரும் திட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மொத்த எடை மட்டும் போதாது, சமநிலைப் புள்ளி எங்கே என்றும் வண்டியின் இரு பக்கமும் ஒட்டுப்பட்டையால் குறிக்க வேண்டும். கணக்கு எளிது. வண்டியின் முன் நுனியிலிருந்து முன் அச்சு 40 அங்குலத்தில், அதன் மேல் 7,000 பவுண்டு. பின் அச்சு 180 அங்குலத்தில், 9,000 பவுண்டு என்று வையுங்கள். ஒவ்வொன்றின் எடையையும் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 19,00,000 வரும், மொத்த எடை 16,000-ஆல் வகுத்தால் நுனியிலிருந்து 119 அங்குலம் வாக்கில். பளு தூக்கியில் மாட்டுபவரும் விமானத்தில் ஏற்றுபவரும் அந்தக் கோட்டை நம்பித்தான் கை வைக்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் மழையில், ஈரமான தாளில், அறுபது வண்டிக்குப் போட வேண்டியிருக்கும்.

“சரி, எவ்வளவு தருவாங்க?”

ஒரு ட்ரில் வாரக்கடைசியை நாலு பகுதியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் தருகிறார்கள். இரண்டு நாள் போனால் நாலு நாள் சம்பளம். பட்டம் பெற்றவர்கள் இ-4 என்ற நிலையில் சேரலாம், இந்தியப் பட்டம் என்றால் மதிப்பீட்டுச் சான்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். 2025 அட்டவணைப்படி புது இ-4-க்கு ஒரு வாரக்கடைசிக்கு 420 டாலருக்குப் பக்கம். வருடம் முழுக்க, இரண்டு வாரப் பயிற்சியையும் சேர்த்தால், வரிக்கு முன் 6,500 டாலர் வாக்கில். ஐடி வேலையில் இருப்பவர் இந்தப் பணத்துக்காகச் சேர்ந்தால் ஏமாந்துபோவார், அதுவும் பெட்ரோல் பெரும்பாலும் உங்கள் காசு.

பணத்தைவிட மற்றவைதான் பலருக்கு ஈர்ப்பு. டிரைகேர் ரிசர்வ் செலக்ட் என்ற மருத்துவக் காப்பீடு தனி ஆளுக்கு மாதம் 50 டாலர் சொச்சம், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது ஒன்றே போதும் என்பேன். படிப்புக்கு உதவி உண்டு. 20 தகுதியான வருடங்கள் முடித்தால் ஓய்வூதியமும் உண்டு, ஆனால் பொதுவாக 60 வயதில்தான் கைக்கு வரும்.

“மாசம் ரெண்டே நாள்தானா, நிஜமா சொல்லுங்க?”

நிஜமாகச் சொன்னால், புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு ஏறக்குறைய அவ்வளவுதான். பதவி உயர உயர வார நாட்களில் மாலை நேரத்து அழைப்புகள், மின்னஞ்சல், யாரோ அனுப்பாத பட்டியலைக் கேட்டுக் கேட்டு வாங்குவது என்று கூடும், அதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நம் வேலையில் இது இன்னும் அதிகம். மேலே சொன்ன கான்வாய் அனுமதி, ரயில் பெட்டி, துறைமுகத் தேதி எல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்காகக் காத்திருக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரில் தேதிகள் வருடத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், உங்கள் மச்சினியின் நிச்சயதார்த்தமும் தீபாவளியும் அதைப் பார்த்து வராது. முன்கூட்டியே கேட்டால் வேறு நாளில் ஈடுசெய்ய விடுவார்கள், முந்தின நாள் கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

“எங்க மேனேஜர் ஒத்துக்கணுமே?”

ஒத்துக்கொள்ளாமல் இருக்கச் சட்டத்தில் இடமில்லை. 1994-ல் வந்த யுசெர்ரா என்ற சட்டப்படி ராணுவக் கடமைக்குப் போகிறவருக்கு விடுப்பு தர வேண்டும், திரும்பி வந்தால் வேலையும் தர வேண்டும். ஒரு நிறுவனத்தில் இருக்கும்போது இப்படி வெளியே போவது மொத்தம் ஐந்து வருடம் வரை, மாதாந்திர ட்ரில்லும் வருடாந்திரப் பயிற்சியும் அதில் சேராது. அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை, சில பெரிய நிறுவனங்கள் தாமாகவே தருகின்றன.

சட்டம் பக்கம் இருக்கிறதே என்று திடுதிப்பென்று சொல்லாதீர்கள். தேதி அட்டவணை வந்த அன்றே மேலாளருக்கு அனுப்பிவிடுவது என் பழக்கம். அவருக்குக் கோபம் வருவது விடுப்புக்காக இல்லை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தெரிவதற்காகத்தான்.

“நான் ஓடி இருபது வருஷம் ஆச்சு. உடம்பு தாங்குமா?”

2025 ஜூனிலிருந்து உடல்தகுதித் தேர்வில் ஐந்து பகுதிகள்: பளு தூக்குதல், கையைத் தரையிலிருந்து எடுத்துச் செய்யும் தண்டால், இழுத்தும் சுமந்தும் ஓடுவது, பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம். ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 புள்ளி. பயிற்சி முகாமுக்குப் போகும் முன் மூன்று மாதம் ஒழுங்காக ஓடிப் பழகினால் பெரும்பாலானோருக்கு எட்டும். முகாமில் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பசங்க, உங்களைத் தாத்தா என்று கூப்பிட்டால் சிரித்துக்கொள்ளுங்கள்.

“நான் சைவம். பட்டினியா?”

முகாம் உணவுக்கூடத்தில் சமாளிக்கலாம். களத்தில் தரும் எம்ஆர்இ பொட்டலங்களில் 24 வகை உண்டு, அதில் நாலு வாக்கில் சைவம். அந்த நாலையே மாற்றி மாற்றித் தின்பீர்கள். பையில் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதை முதலில் முகர்ந்து பார்த்து விலகிய ஒருவர் இப்போது ட்ரில்லுக்கு வந்ததும் அதைத்தான் கேட்கிறார்.

“போருக்கு அனுப்பிடுவாங்களா? அம்மா கேக்கறாங்க.”

அனுப்பலாம். இதை மழுப்புகிற யாரையும் நம்பாதீர்கள். அழைப்பு வந்தால் பொதுவாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை வெளிநாட்டில். எங்களைப் போன்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அணிகளுக்கு குவைத் பழகிய இடம், வேலை பெரும்பாலும் துறைமுகம், விமானத்தளம், கன்டெய்னர் கிடங்கு, கணினித் திரை. முன்வரிசை கிடையாது என்று அம்மாவிடம் சொல்லலாம், ஆபத்தே கிடையாது என்று சொல்ல முடியாது. தளங்கள் மீதும் ஏவுகணை விழுந்திருக்கிறது, சாலையில் போகும் கான்வாயும் குறிதான்.

“சிட்டிசன்ஷிப் சீக்கிரம் கிடைக்குமாமே?”

கிடைக்கும். 2001 செப்டம்பர் 11 முதல் இன்றுவரை சட்டத்தின் பார்வையில் இது போர்க்காலம், அதனால் ரிசர்வில் மதிப்பாகப் பணி செய்பவர் வழக்கமான ஐந்து வருடக் காத்திருப்பு இல்லாமல் விண்ணப்பிக்கலாம். யூனிட் என்-426 படிவத்தில் சான்று தர வேண்டும், என்-400 விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. மொத்தம் ஐந்து வருடப் பணி முடிவதற்குள் கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டால் கொடுத்த குடியுரிமையைப் பறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இதில் நம் ஆட்கள் பலர் கவனிக்காதது மறுபக்கம். அமெரிக்கக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், அது எல்லோருக்கும் தெரியும், விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோக இந்திய அரசு வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ கிடையாது என்பது இந்திய அரசின் விதி. ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விசா என்று ஆகும். வயதான அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள் என்றால் இதைக் கையெழுத்துக்கு முன்னால் யோசியுங்கள், எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை.

“ஊர்ல சொந்தம், நிலம் எல்லாம் இருக்கு. கிளியரன்ஸ்ல மாட்டுமா?”

கிளியரன்ஸ் பற்றி மேலே கிரீன் கார்டு கேள்வியில் சொன்னதுதான் அடிப்படை. குடிமகனான பிறகு எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம் வரும், வெளிநாட்டு உறவுகள், சொத்து, வங்கிக் கணக்கு, பயணம் எல்லாம் கேட்கும். இருப்பதை எழுதினால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். மறைத்தால்தான் மாட்டும். தாத்தா பெயரில் உள்ள கூட்டுப்பட்டாவை விளக்கி எழுதவே எனக்கு ஒரு மாலை போனது.

“பிடிக்கலைன்னா நடுவுல விட்டுடலாமா?”

முடியாது. முதல் ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடம். வழக்கமாக ஆறு வருடம் ட்ரில், மீதி இரண்டு வருடம் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், ட்ரில்லும் இல்லை சம்பளமும் இல்லை, தேவைப்பட்டால் கூப்பிடலாம். ஒரு வாரக்கடைசி நாலு பகுதி என்றேன் இல்லையா, சொல்லாமல் கொள்ளாமல் வராவிட்டால் அது நாலு தவறல். பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது தவறல் சேர்ந்தால் நடவடிக்கை, அதாவது இரண்டு வாரக்கடைசியும் கொஞ்சமும். குடியுரிமைக்காகச் சேர்ந்தவர்கள் மேலே சிட்டிசன்ஷிப் கேள்விக்குச் சொன்ன பதிலை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

“ரெக்ரூட்டர் நிறைய சொல்றாரே, நம்பலாமா?”

நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கும் மாத இலக்கு உண்டு. ஊக்கத்தொகையோ குறிப்பிட்ட வேலையோ யூனிட்டோ, ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கையெழுத்து போடும் நாளில் அவசரப்படுத்துவார்கள், நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள்.

“வெளிய லாஜிஸ்டிக்ஸ் வேலைக்கு இது உதவுமா?”

ஓரளவு. ராணுவ மென்பொருளை வெளியே யாரும் பயன்படுத்துவதில்லை. சரக்குச் சீட்டு, அபாயப் பொருள் விதிகள், கன்டெய்னர் கணக்கு, துறைமுக நடைமுறை இவை செல்லும். நேர்முகத் தேர்வில் 88-நவம்பர் என்றால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது, “அறுபது வண்டியை மூன்று மாநிலம் தாண்டித் தேதி தவறாமல் கொண்டு சேர்த்தேன்” என்றால் புரியும்.

“முதல் ட்ரில்லுக்கு என்ன எடுத்துட்டுப் போகட்டும்?”

சிறு நோட்டு, இரண்டு பேனா, எளிய கால்குலேட்டர், மடக்கு அளவு நாடா, ஒட்டுப்பட்டை ஒரு சுருள். வங்கி விவரமும் அடையாள அட்டைகளின் நகலும், ஏனென்றால் முதல் சம்பளம் பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதத்துக்காகத் தாமதமாகும். பேனாவில் ஒன்றை யாராவது கடன் கேட்பார்கள், அது திரும்பி வராது, அதற்குத்தான் இரண்டு.